நரை என்னும் தேவதூதன்





தலை நரைப்பது ஏன், அதனைத் தடுக்க வழியுண்டோ என்று நம் கூட்டங்களில் அடிக்கடி வினவப்படுகின்றது. இது தர்மத்துக்குப் புறம்பான வினா எனச் சிலர் நகைக்கின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. மூப்பும் துக்கமே என்று முதற்போதனையிலேயே உரைத்த பகவானின் வழிவந்தோர், மூப்பின் முதற்குறியைப் பற்றிப் பேச நாணுவானேன்?

காரணமின்றிக் காரியமில்லை என்பது நமது மார்க்கம். மயிருக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். மயிர் வேரூன்றிய சிறு குழியிலுள்ள நிற அணுக்கள் அதனைச் செய்து, வளரும் மயிருக்குள் செலுத்துகின்றன. அவற்றைப் புதுப்பிக்கும் மூல அணுக்கள் வயது ஏற ஏறக் குறைந்துபோகின்றன. அப்பொழுது முளைக்கும் மயிர் நிறமின்றி வெளிவருகின்றது. அது எப்போது தொடங்கும் என்பது பெரும்பாலும் பெற்றோர் வழியே வருவது. புகை பிடித்தலும், பி12 உயிர்ச்சத்துக் குறைவும், தைராய்டுச் சுரப்பியின் கோளாறும் இளநரைக்கு ஏதுவாகலாம். கவலையால் நரைக்கும் என்று நம் பாட்டிமார் கூறியதும் வீண்பேச்சன்று. 2020-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்து, கடும் நெருக்கடி அம்மூல அணுக்களை விரைவில் தீர்த்துவிடுவதைக் கண்டனர். ஆண்டு பல சென்றும் நரை தோன்றாமைக்குப் புறநானூற்றுப் பிசிராந்தையார் கூறிய காரணங்களும் இதனோடு ஒத்திசைகின்றன: மாண்புள்ள மனைவி மக்கள், மனமொத்த ஏவலர், தீமை செய்யாத வேந்தன், ஊரில் சான்றோர் பலர். அத்தகைய ஊர் நமக்கு எங்கே வாய்க்கின்றது!

இளமையில் நரைத்தோர் மருத்துவரிடம் இரத்தத்தைச் சோதித்துக்கொள்க. சத்துக் குறைவு தீர்ந்தால் சிலருக்குக் கருமை மீள்வதுண்டு. வயதினால் வந்த நரையை மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை. மந்திரித்த எண்ணெய் விற்போருக்குக் காசு கொடாதீர். மருதோன்றி, அவுரி பூசுவதில் குற்றமில்லை. கடைச் சாயங்கள் பலவற்றில் பாரா-பினைலின்டையமின் என்னும் இரசாயனம் உண்டு. அது சிலருக்கு முகத்தை வீங்கச் செய்யும். அதனை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் கைக்கெட்டாமல் வைப்பது கடமை.

நரைத்த தலைக்கு வேலை கிடையாது என்று அஞ்சிச் சாயம் பூசும் தொழிலாளரை நாம் குறை கூறோம். வயிற்றுக்காகப் பூசுவது பொய்யாகாது. நூற்பாலையில் நாம் உழைத்த நாளில், ஷிப்டு முடிந்து வெளிவரும் இருபது வயது இளைஞனும் பஞ்சுத் துகள் படிந்து கிழவன்போலத் தோன்றுவான். குழாயடியில் தலையைக் கழுவினால் இளமை திரும்பிவிடும். அந்தக் கழுவல் இனி நமக்கு இல்லை.

பகவான் பிக்குகளுக்கு நரைமயிரைப் பிடுங்குவதையும் விலக்கினார் என்பது விநய பிடகத்தில் காணும் செய்தி. ஏன் விலக்கினார்? மகதேவ மன்னனின் கதையை நினைத்துப் பாருங்கள். மிதிலையை ஆண்ட அவன் தன் நாவிதனிடம், "என் தலையில் நரை கண்டால் உடனே தெரிவி" என்று கட்டளையிட்டிருந்தான். ஒருநாள் நாவிதன் ஒரு நரையைக் கண்டு, பொற்சாமணத்தால் எடுத்து அரசனின் உள்ளங்கையில் வைத்தான். கெட்ட செய்தி கொணர்ந்தவனை அரசன் சினந்தானில்லை. ஒரு கிராமத்தைப் பரிசளித்தான்! "தேவதூதன் வந்துவிட்டான்" என்று கூறி, மூத்த மகனிடம் அரசை ஒப்புவித்து, மாந்தோப்பில் துறவு பூண்டான். பார்ஹுத் தூபத்தின் கற்சிற்பத்தில் இக்காட்சி பொறிக்கப்பட்டுள்ளது; கல்கத்தா அரும்பொருட்காட்சிசாலைக்குச் செல்வோர் பார்ஹுத் சிற்பங்களைக் காணாது திரும்பற்க.

அவன் மகனுக்கு இட்ட கட்டளை ஒன்றே: நரை கண்ட நாளில் நீயும் உன் மகனிடம் ஒப்புவி, இவ்வழக்கத்தை அறுக்கும் கடைசி மனிதனாகாதே. பரம்பரை பரம்பரையாக அவ்வழக்கம் நிலைத்தது. நிமி மன்னனின் மகன் களாரஜனகன் காலத்தில் அறுந்தது. அம்மாந்தோப்பிலேயே ஆனந்தருக்கு இதனை உரைத்த ததாகதர், மகதேவன் தாமே என்றும், அன்றைய வழக்கம் நிர்வாணம்வரை கொண்டுசெல்லவில்லை என்றும், இன்று தாம் நிறுவியது அஷ்டாங்க மார்க்கம் என்றும் விளக்கி, "நீங்கள் கடைசி மனிதராகாதீர்" என்றே வேண்டினார்.

உபாசகர்களே, நம் பௌர்ணமிக் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். முன்வரிசை முழுதும் நரை, அன்றேல் சாயம். பின்வரிசை வெறுமை. அயோத்திதாச பண்டிதர் 1898-இல் தொடங்கிய பணி கோலார் தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் பரவி, கூலிவேலை செய்த நம் முன்னோரை நூலெடுத்துப் படிக்கச் செய்தது. அவர்தம் பேரப்பிள்ளைகள் வருவதில்லை என்று பெரியோர் வருந்துகின்றனர். வருகின்ற ஓரிருவருக்கு நாற்காலி அடுக்கும் வேலைதான் கிடைக்கின்றது. பதவிகளோ இருபது ஆண்டுகளாக அதே கைகளில்!

இளைஞர்க்கு அநுபவம் போதாது என்பர். தலை நரைத்ததனாலேயே ஒருவர் தேரராவதில்லை என்பது தம்மபதத்தின் போதனை. மேலும் மகதேவன் இறந்தபின் அரசு கைமாறவில்லை. உயிரோடிருந்து, புத்தி சொல்லித் தந்துவிட்டே மாந்தோப்புக்குச் சென்றான். சாவுக்குப்பின் பெட்டிச் சாவியைத் தேடும் சங்கம் எத்தனை நாள் நிற்கும்?

ஆகவே, வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் பதவிக்கும் நூலகப் பொறுப்புக்கும் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களின் பெயர்களையே முன்மொழியுமாறு வேண்டுகின்றோம். பெண்மக்களின் பெயர்களும் வருக. கணக்கெழுதவும் வந்தனை நடத்தவும் கற்றுத்தர ஞாயிறுதோறும் காலையில் நாம் மன்றத்தில் இருப்போம்.