இடக்கைப் படம், வலக்கைப் படம்

சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவில் 200 மெகாபிக்சல். ஆப்பிள் ஐபோன் 14 ப்ரோவில் 48. பின்னது 2022 செப்டம்பரில் வந்தது, முன்னது 2023 பிப்ரவரியில். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டே டீக்கடை பெஞ்சில் ஒரு சாயங்காலத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாம்சங்கில் ஒரு பிக்சலின் அகலம் 0.6 மைக்ரோமீட்டர். ஐபோனில் 1.22. சாம்சங் பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது, ஐபோன் நான்கை. சேர்த்த பிறகு அங்கே 2.4, இங்கே 2.44. சாதாரணமாக எடுத்தால் இரண்டிலும் கைக்கு வருவது சுமார் 12 மெகாபிக்சல் படம்தான். சென்சாரின் மொத்தப் பரப்பும் ஏறத்தாழ ஒன்றே: நீளம் பத்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே, அகலம் ஏழுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு சுண்டுவிரல் நகம்.

இத்தனை போட்டி போடும் இரண்டு கம்பெனிகளும் ஒரே அளவு நகத்தின் மேல் விழும் வெளிச்சத்தை நம்பித்தான் பிழைக்கின்றன. அந்தக் கணக்கு முடிந்தபோது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. வெளிச்சம் ஒன்றுதான், அது விழும் இடமும் ஒன்றுதான். ஆனாலும் படங்கள் ஒன்றுபோல இருப்பதில்லை.

*

நான் சில மாதங்களாகக் கையில் வைத்துப் பார்ப்பவை இரண்டு கம்பெனிகளின் உச்ச மாடல்கள். ஒன்று என்னுடையது, ஒன்று மச்சானுடையது. எவை என்று இங்கே எழுதப்போவதில்லை. இடக்கைப் போன், வலக்கைப் போன், அவ்வளவுதான். பெயர் சொன்னதும் படிப்பவர் தன் கட்சிக்குப் போய்விடுவார். நானும் போய்விடுவேன்.

பெயரை மறைத்தால் என்ன ஆகிறது என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. மார்க்கஸ் பிரவுன்லீ என்ற அமெரிக்க யூடியூபர் 2018-இலிருந்து இப்படி ஒரு போட்டி நடத்திவந்தார். எந்தப் போன் எடுத்தது என்று சொல்லாமல் இரண்டு படங்களைக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று மட்டும் கேட்பார். தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் வென்றது வெளிச்சம் கூடுதலான படம். 2022-இல் வாக்குகள் கோடிக்கணக்கில் விழுந்தன. முதலிடத்துக்கு வந்தது கூகுளின் பிக்சல் 6ஏ. விலை குறைந்த மாடல், 12 மெகாபிக்சல் சென்சார்.

டீக்கடை பெஞ்சில் இதைச் சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை.

*

விரல் பொத்தானைத் தொடும்போது படம் பிறக்கிறது என்று நினைத்திருந்த காலம் ஃபிலிமோடு போய்விட்டது. கேமராவைத் திறந்த கணத்திலிருந்தே போன் எடுத்துக்கொண்டும் எறிந்துகொண்டும் இருக்கிறது. 2019-இல் ஐபோன் 11 வரிசைக்கு ‘டீப் ஃப்யூஷன்’ முறையை அறிவித்தபோது ஆப்பிள் அதை விளக்கியது. மொத்தம் ஒன்பது படங்கள். எட்டு, நாம் அழுத்துவதற்கு முன்பே எடுத்து வைத்தவை. அழுத்தும்போது எடுப்பது ஒன்றே ஒன்று. ஒன்பதையும் அடுக்கி, எங்கே எது தெளிவோ அங்கே அதை எடுத்துக்கொண்டு ஒரு படம் செய்கிறது.

ஆக, நான் ‘இந்தக் கணம்’ என்று நினைத்து அழுத்தும்போது, அந்தக் கணத்தின் பெரும்பகுதி கடந்துபோயிருக்கிறது. அதைத்தான் போன் எனக்குக் கொடுக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கை நடுங்கினால் படம் கெடும் என்று சொல்லித்தான் நம் தலைமுறை வளர்ந்தது. 2018-இல் பிக்சல் 3-க்காக கூகுள் செய்த ஜூம் முறைக்கு அந்த நடுக்கமே மூலதனம். கை இம்மி நகரும்போது ஒவ்வொரு படமும் பிக்சலுக்கு இடையில் உள்ள ஏதோ ஒரு புதிய புள்ளியில் விழுகிறது. அவற்றைச் சேர்த்தால் ஒற்றைப் படத்தில் இல்லாத நுணுக்கம் வருகிறது. போனை ஸ்டாண்டில் ஆடாமல் நிறுத்திவிட்டால்? லென்ஸைத் தானே கொஞ்சம் அசைத்துக்கொள்கிறது. இதைப் படித்த அன்று வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

கார்த்திகை. மாடிச் சுவர் நெடுக அகல்.

அகல் சுடரின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 1,900 கெல்வின். பகல் வெயிலுக்கு 5,500. கண்ணுக்கு இதில் சிக்கல் இல்லை. மஞ்சளை மஞ்சளாகவே பார்த்துக்கொண்டு, அந்த மஞ்சளுக்கு நடுவே நிற்பவரின் வேட்டி வெள்ளை என்றும் தெரிந்துவைத்திருக்கும். கேமரா இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

இடக்கைப் படத்தில் சுடர் மஞ்சள், சுவர் செம்மஞ்சள், வானம் கறுப்பு. படிக்கட்டு இருந்த இடமே தெரியவில்லை. வலக்கைப் போன், மூன்று விநாடி ஆடாமல் பிடி என்றது. பிடித்தேன். சுவர் வெள்ளை, வானம் கருநீலம், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் குழாய்வரை தெரிகிறது. சுடர் மட்டும் பல்பு நிறத்துக்கு வந்துவிட்டது. சுவருக்கு வெள்ளையடித்தது நான்தான். ஆகவே வலக்கை சொல்வதைப் பொய் என்று தள்ள முடியவில்லை. ஆனால் அன்று மாலை அந்தச் சுவர் அந்த நிறத்தில் இல்லை.

மங்கலான இடத்தில் சென்சாருக்குக் கிடைக்கும் ஒளித்துகள்கள் கொஞ்சம். கொஞ்சமாக வருவது சீராக வருவதில்லை. அதுதான் இருட்டுப் படங்களில் நாம் பார்க்கும் பொடிப்புள்ளி. பல படங்களைக் கூட்டினால் புள்ளி அடங்கும். அடங்கிய பிறகு இருட்டை எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கலாம், நள்ளிரவை நண்பகலாக்கலாம். எங்கே நிறுத்துவது என்பதற்கு இயற்பியலில் விடை கிடையாது. யாரோ சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ‘இதுவரை போதும்’ என்று முடிவுசெய்து அதை நிரலில் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு மேசையைப் பற்றியாவது நமக்குத் தெரியும். கூகுளின் ‘நைட் சைட்’ 2018-இல் வந்தபோது, அதைச் செய்த குழுவில் இருந்த மார்க் லெவாய் (ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர்) சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து இந்தப் பிரச்சினையை எழுதினார். படம் தெளிவாகவும் இருக்க வேண்டும், இரவாகவும் தோன்ற வேண்டும். விடையை அவர்கள் தேடிப்போனது ஓவியர்களிடம். டார்பியைச் சேர்ந்த ஜோசப் ரைட் 1766 வாக்கில், கோள்மண்டலக் கருவியைச் சுற்றி நிற்பவர்களை விளக்கொளியில் வரைந்திருக்கிறார். முகங்கள் தெளிவு, ஓரங்கள் முழு இருட்டு. நிழலை நிழலாகவே விட்டுவிட்டு மற்றதைத் தூக்குவது என்ற யோசனைக்கு அது துணை நின்றது. மற்ற கம்பெனிகளின் மேசைகளில் எந்தப் படம் மாட்டியிருக்கிறதோ.

*

பௌர்ணமி. எஸ்23 அல்ட்ராவின் பத்து மடங்கு ஜூம் லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்று கணக்கிட்டால் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. இருட்டில் விரிந்த நம் கண்மணியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அத்தனை சிறிய வாயில் நுழையும் ஒளி பரவியே தீரும். முழுநிலவின் குறுக்கே எழுபது, எழுபத்தைந்து புள்ளிகளுக்கு மேல் அந்த லென்ஸால் பிரித்துக் காட்ட முடியாது என்று என் கணக்கு சொல்கிறது. திரையிலோ நூறு மடங்கு ஜூமில் பள்ளங்களின் விளிம்புகூடத் தெரிந்தது.

2023 மார்ச்சில் ஒருவர் எளிய சோதனை செய்தார். நிலவின் படத்தைச் சுருக்கி, மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுத் தூரத்திலிருந்து சாம்சங் போனால் படம் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் இருந்தன. அதன் பிறகு சாம்சங் தன் முறையை விரிவாக விளக்கியது. எஸ்21 வரிசையிலிருந்தே போன் நிலவை அடையாளம் காண்கிறது, பல படங்களைச் சேர்க்கிறது, பிறகு நிலவுப் படங்களில் பயிற்சி பெற்ற நிரல் நுணுக்கங்களைக் கூட்டுகிறது. வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம்.

நிலவு பூமிக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. அதன் சிறு ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தப் பரப்பில் 59 சதவீதம் கண்ணுக்கு வரும், அதற்கு மேல் இல்லை. மனப்பாடம் செய்ய இதைவிட வசதியான பொருள் வேறு ஏது? நிலவு விஷயத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. குழந்தைக்குச் சோறூட்டுகிறவர்களும் மேகத்துக்குப் பின்னால் இருப்பதைத் தெரிந்த நினைவிலிருந்துதான் காட்டுகிறார்கள்.

தெரியாததையும் தெரிந்ததுபோல் நிரப்பும்போதுதான் உறுத்துகிறது. தூரத்துப் பேருந்தின் பெயர்ப்பலகையை ஜூம் செய்தேன். கூர்மையான, அழுத்தமான வளைவுகள். ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துபோலவே இருந்தது. ஒன்றுகூட எழுத்தாக இல்லை. மங்கலாகவே விட்டிருந்தால் ஊரை ஊகித்திருப்பேன்.

*

அத்தை நல்ல கறுப்பு. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். கொல்லைப்புறத் திண்ணையில், நாலரை மணி வெயிலில் உட்காரவைத்து எடுத்தேன்.

இடக்கைப் போன் முகத்தை இரண்டு படி வெளுப்பாக்கி, கன்னத்தைத் தேய்த்துவிட்டது. வலக்கைப் போன் நிறத்தைத் தொடவில்லை. ஆனால் சுருக்கம் ஒவ்வொன்றையும் கூர்தீட்டி, நெற்றியில் விழுந்த வெயிலையும் கழுத்தின் நிழலையும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, முகத்தின் உருட்சியை எடுத்துவிட்டது. வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்றே சொல்ல முடியாது.

இந்தச் சாய்வுகளுக்கு வயது அதிகம். கலர் பிரிண்ட் போடும் ஆய்வகங்களுக்கு கோடக் ஓர் அட்டை கொடுத்தது. அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம், ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி. பல நிறத்தவரும் இருக்கும் அட்டைகள் வர 1990-கள் ஆயின. கூகுள் 2021-இல் பிக்சல் 6 உடன் ‘ரியல் டோன்’ என்று கருந்தோலுக்காகத் தனியே உழைத்தது. அடுத்த ஆண்டு, ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துப் படித் தோல்நிற அளவுகோலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆப்பிள் ஐபோன் 13-இல், கான்ட்ராஸ்டும் சூட்டுநிறமும் எவ்வளவு வேண்டும் என்று வாங்கியவரையே முன்கூட்டிச் சொல்ல வைத்தது. கேமராவுக்கு ஒரு ருசி உண்டு என்பதை இதைவிட வெளிப்படையாக ஒத்துக்கொள்ள முடியாது.

சில சமயம் ருசிகூடக் காரணம் இல்லை. 2018-இல் ஐபோன் எக்ஸ்எஸ் வந்தபோது செல்ஃபியில் தோலை மழுமழுப்பாக்குகிறது என்று புகார் எழுந்தது. அழகுபடுத்தும் வேலை எதுவும் வைக்கவில்லை, அடுக்கும் படங்களில் எதை அடிப்படையாக எடுப்பது என்பதில் நிரல் தவறியது என்று ஆப்பிள் விளக்கி, அடுத்த மென்பொருளில் சரிசெய்தது. யாரும் விரும்பாமலேயே லட்சக்கணக்கான முகங்கள் கொஞ்ச நாள் பளபளத்தன.

அத்தையிடம் இரண்டு படங்களையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நிறத்தையோ சுருக்கத்தையோ பற்றி ஒரு வார்த்தை இல்லை. “இதுல மூக்குத்திக் கல்லு ஏழும் தெரியுதுடா” என்று வலக்கைப் படத்தைத் தொட்டார். இடக்கைப் படத்தில் கற்கள் ஒன்றாகிப் பளிச்சென்று ஒரு பொட்டாக இருந்தன. நானும் மச்சானும் அதுவரை மூக்குத்தியைப் பார்க்கவே இல்லை.

அதிலிருந்து இரண்டு படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதை நிறுத்திவிட்டேன். திரையில் பக்கம்பக்கமாக வைத்தால் வெளிச்சமானது வென்றுவிடுகிறது. படத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு எதிரே இருக்கும் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நன்றாகத் தெரிந்த முகமாக இருக்க வேண்டும். தெரியாத ஊர், தெரியாத மலை என்றால் எந்தப் போன் சொன்னாலும் நம்பிவிடுவோம்.

*

மச்சான் இரண்டு படங்களையும் வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்பினார். தரத்தைக் கூட்டச் சொல்லாமல் அப்படியே அனுப்பினால் அது ஏறத்தாழ இரண்டு மெகாபிக்சலுக்குச் சுருக்கிவிடும். ஏழு கல்லும் போயிற்று. எல்லோரும் இடக்கைப் படத்துக்கே இதயம் போட்டார்கள்.

*

சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார் அத்தை. வலக்கைப் படத்தை, சுருங்காத மூலப்படமாக, பென்டிரைவில் போட்டு ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்தவர் கணினியில் திறந்தார். நான் வாய் திறக்கும் முன் முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெளிச்சத்தை ஏற்றினார், கழுத்து நிழலைக் கொஞ்சம் இறக்கினார். அப்பா காலத்தில் இதே வேலையை நெகட்டிவின் மேல் பென்சிலால் செய்தவர்கள் இருந்தார்கள். கழுத்தில் நிழல் வந்ததும் முகத்தின் உருட்சி திரும்பியது. நிறம் ஒரு படி கூடிவிட்டது.

“அண்ணே, கலர் அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

“வீட்ல மாட்டுறதுதானே சார், கொஞ்சம் பளிச்சுனு இருக்கட்டும்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறத்தை மட்டும் பழையபடி இறக்கினார். நிழலை அப்படியே விடச் சொன்னேன். மூக்குத்தியைப் பெரிதாக்கிக் கற்களை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

“மேட்டா, கிளாஸியா?”

கிளாஸியில் கல் பளபளக்கும், ஆனால் எதிர்ச் சுவர் ஜன்னலின் வெளிச்சம் சட்டத்தில் அடிக்கும். மேட் என்றேன்.