யார் நினைக்கிறார்கள்?

அமெரிக்காவில், அயோவாவைச் சேர்ந்த சார்லஸ் ஆஸ்பர்ன் என்பவர் 1922-இல் விக்கத் தொடங்கி 1990 வரை விக்கினார். 68 வருஷங்கள். யாராவது நினைத்தால் விக்கும் என்ற நம் கணக்குப்படி, அத்தனை காலம் அவரை ஓயாமல் நினைத்த புண்ணியவதி யார்? உதரவிதானம் திடீரென்று சுருங்குவது விக்கல் என்பதோடு வைத்தியம் நின்றுவிடும். கண் துடித்தால் இமைத்தசை. தூக்கமின்மை, அளவுமீறிய காப்பி. இதிலெல்லாம் எனக்குச் சண்டையில்லை. எதனால் என்பதற்கான விடையை, யாரால் என்ற கேள்விக்கும் நீட்டும்போதுதான் நெருடுகிறது.

உடம்புச் சகுனங்களில் இரண்டு ஜாதி உண்டு. உள்ளங்கை அரித்தால் பணம், உள்ளங்கால் அரித்தால் பயணம், ஆணுக்கு வலக்கண், பெண்ணுக்கு இடக்கண் என்பவை பலன் பார்ப்பவை. பேரேட்டு வகை, என் தொழிலுக்கு நெருக்கமானவை, அதனாலேயே அலுப்பூட்டுபவை. காவியக்காரர்கள் இவற்றை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். இந்திரவிழாவின் முடிவில் இளங்கோ கண்ணகிக்கு இடக்கண்ணையும் மாதவிக்கு வலக்கண்ணையும் துடிக்கவிட்டு, வரப்போகும் கதையை இரண்டு இமைகளில் சொல்லிவிடுகிறார். கம்பனின் சீதை அசோகவனத்தில் திரிசடையிடம், எந்த நாளில் எந்தப் பக்கம் துடித்தது என்று வரிசையாக ஒப்பிக்கிறாள், நல்ல குமாஸ்தா.

மற்ற ஜாதி புரையேறுவது, விக்கல், தும்மல். இவற்றுக்குப் பலன் கிடையாது. யாரோ நினைக்கிறார்கள், அவ்வளவே. வள்ளுவர் காமத்துப்பாலில் இதை வைத்து விளையாடியிருக்கிறார். அவன் தும்முகிறான்; வாழ்த்துகிறாள்; உடனே, எவள் நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் தும்மலை அடக்கிக்கொள்கிறான். உம்மவர் நினைப்பதை எனக்கு மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகை. பிரிவிலிருக்கும் இன்னொருத்திக்குத் தும்மல் வருவதுபோல வந்து நின்றுவிடுகிறது: நினைக்கப் பார்த்து, நினைக்காமல் விட்டானோ? தும்மலை நம்பி ஏமாந்தவர்களாக இவர்கள் எனக்குப் படவில்லை. நேராகக் கேட்க முடியாததைக் கேட்பதற்கு மூக்கைத் துணைக்கு அழைத்தவர்கள்.

நான் வேலை பார்க்கும் திருக்கோவிலூருக்கு இதில் தனிப் பாத்தியதை உண்டு. மழையிரவில், ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவேயான இடைகழியில் பொய்கை, பூதம், பேய் ஆகிய மூன்று ஆழ்வார்களும் நின்றபோது நாலாவதாக யாரோ நெருக்கியதாக ஐதீகம். இடப்புறம் நெருக்கினால் என்ன பலன், வலப்புறமென்றால் என்ன என்று அவர்கள் ஆராயவில்லை. யார் என்று பார்க்க விளக்கேற்றினார்கள். மூன்று அந்தாதிகள் வந்தன. எனக்கு பக்தி குறைவு. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்கள் என்று படுகிறது. (சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்ததாக எண்ணி எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லாமல் திரும்ப வைப்பவர்களும் இந்தக் குலந்தான்.)

எங்கள் கவுண்டருக்கு ஓர் அம்மாள் வருவார், உள்ளங்கை அரிக்கும் நாட்களில், பாஸ்புக்கோடு. மகனுக்கு பெங்களூரில் கட்டட வேலை. "பணம் ஏறியிருக்குதா தம்பி?" பெரும்பாலும் ஏறியிருக்காது. கையரிப்பைப் பேரேட்டு வகை என்றேன். இவருக்கு அது விக்கல். பணத்தைச் சாக்காக வைத்து வேறொன்றை விசாரிக்கிறார். இல்லை என்பது கணினித் திரை காட்டும் உண்மை. நான், "இன்னும் வரலீங்கம்மா" என்கிறேன். அந்த 'இன்னும்' எந்தக் கணக்கிலும் கிடையாது. அதற்கு ஆதாரமும் இல்லை. தெரிந்தேதான் சேர்க்கிறேன்.

பக்கத்து கவுண்டர் நண்பர் இதைப் பொய் என்கிறார். நாலு மாதமாக ஏறாத பணத்துக்கு 'இன்னும்' போடுவது அந்த அம்மாளை மறுபடி வரவழைப்பது. ஒருநாள் கூலி போவது அவருக்கு. இந்த ஆட்சேபணையைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. வெறும் 'இல்லை'யோ, மகன் நினைக்கவில்லை என்ற தகவலையும் சேர்த்தே அவர் கையில் கொடுக்கிறது. அது எனக்குத் தெரியாத விஷயம். தெரியாததைச் சொல்லாமலிருக்க ஒரு சொல்லைக் கூட்ட வேண்டியிருக்கிறது.

போன வாரம் கை அரிக்கவில்லையாம். சும்மாதான் வந்தேன் என்றார்.