பழைய சொல்லும் புதிய தீர்ப்பும்

கரோல் பாக்கில் கடைகள் அடைத்த பின்னரும் வீடுகளில் தொலைக்காட்சி ஓய்வதில்லை. நள்ளிரவில் கேபிள் அலைவரிசைகளில் பழைய உரையாடல் நிகழ்ச்சிகள் மறுபடியும் வருகின்றன. 1993இல் ஜீ டிவியில் தொடங்கிய 'ஆப் கீ அதாலத்' அலைவரிசை மாறி, 2004இல் தோன்றிய இந்தியா டிவியில் நடந்து வருகிறது. 'உங்கள் நீதிமன்றம்' என்பது அதன் பொருள். விருந்தினர் கூண்டில் அமர்கிறார், வினாக்கள் எழுகின்றன, முடிவில் தீர்ப்பும் உரைக்கப்படுகிறது.

அன்று அவர் கூறியதைப் பல்லாண்டு கழித்து மீண்டும் கேட்டு, புதிதாய்ச் சினங்கொள்ளுதல் அறமாகுமா?

ஒரே குற்றத்திற்காக ஒருவர்மீது இருமுறை வழக்குத் தொடுத்துத் தண்டித்தலாகாது என்கிறது நம் அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு. பாபாசாகேப் அம்பேத்கரைத் தலைவராகக் கொண்ட குழு வரைந்த சட்டம் அது. நீதிமன்றம் காக்கும் அந்நெறியை நம் நெஞ்சமும் காக்க வேண்டாவா? சொன்னவர் மாறியிருக்கலாம், மாண்டும் போயிருக்கலாம். பதிவோ மாறாது. அநித்தியத்தை அறிந்த நாம், மாறாத நிழலைக் கொண்டு மாறிய மனிதரை வெறுக்கலாமோ?

ஆயினும், புண்பட்டோரை மறக்கும்படி நாம் கூறவில்லை. தீச்சொல் என்றும் தீச்சொல்லே. அதை உரைத்தவர் இன்று எவ்வாறு ஒழுகுகிறார் என்பதை அறிந்த பின்னரே அவரைப் பற்றித் தீர்ப்பு உரைப்போமாக.