கூலிக்கு மேய்ப்பவர் ஓடவில்லை

ஓநாயைக் கண்டதும் ஆடுகளை விட்டு ஓடிவிடும் கூலிக்கு மேய்ப்பவரைப் பற்றிய யோவான் நற்செய்திப் பகுதி, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறன்று நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகின்றது. வெள்ளக்கடையைச் சுற்றியுள்ள காப்பித் தோட்டங்களில் நாட்கூலிக்குப் பழம் பறிப்போர் அமர்ந்து கேட்கையில், 'கூலி' என்னும் சொல் சற்று உறுத்தவே செய்யும். கூலி பெறுபவர் ஓடுவார், உடையவர் நிற்பார் என்பதுதானா இயேசுவின் கருத்து?

கடலில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. 2012 ஜனவரி 13 இரவு, 4,229 பேருடன் சென்ற கோஸ்தா கொன்கோர்டியா என்னும் உல்லாசக் கப்பல், இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் மாண்டனர். பயணிகள் பலர் இன்னும் கப்பலில் தவித்துக்கொண்டிருக்கையிலேயே, கப்பல் தலைவர் பிரான்செஸ்கோ ஸ்கெட்டினோ படகேறிக் கரைசேர்ந்தார். படகுக்குள் தாம் தவறி விழுந்துவிட்டதாக அவர் கூறிய விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 16 ஆண்டுச் சிறைத்தண்டனை 2017-இல் உறுதியாயிற்று. அதே கப்பலில் உணவு பரிமாறும் பணியிலிருந்த மும்பை இளைஞர் ஒருவர், பயணிகளுக்கு உதவியபடியே காணாமற்போனார். உடைப்பதற்காக ஜெனோவாவுக்கு இழுத்துச் செல்லப்பட்ட கப்பலுக்குள் 2014 நவம்பரில்தான் அவருடைய உடல் கிடைத்தது. மாண்டவர்களுள் கடைசியாகக் கிடைத்தவர் அவரே.

பரிமாறுபவருக்கு மீட்புப் பணியில் என்ன வேலை என்று கேட்கலாம். உல்லாசக் கப்பலில் மாலுமிகள் சிலரே. பெரும்பாலோர் சமைப்பவர், பரிமாறுபவர், அறை துப்புரவு செய்பவர். ஆயினும் ஒவ்வொருவருக்கும் அன்றாட வேலையோடு, ஆபத்துக்கால அட்டவணையில் குறிக்கப்பட்ட மற்றொரு வேலையும் உண்டு. மெத்தை விரிப்பவர் படிக்கட்டில் நின்று வழிகாட்ட வேண்டியிருக்கும். தட்டுக் கழுவுபவர் உயிர்காப்புப் படகருகே நிற்க வேண்டியிருக்கும்.

உழைப்பைத்தானே அவர் விற்றார், உயிரையுமா? கேள்வி நியாயமானது. கொள்ளைநோய்க் காலத்தில் பங்குக்குரு பங்கைவிட்டு ஓடலாகாது என்பது குருமடத்து அறநெறி இறையியலின் பழைய பாடம். 1576-இல் மிலான் நகரில் புனித சார்லஸ் பொரோமேயோ அப்படித்தான் நின்றார். ஆனால் ஆயர் வாழ்வையே ஒப்படைத்தவர். பரிமாறுபவரோ குடும்பக் கடனை அடைக்கக் கப்பலேறியவராக இருக்கலாம். இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவதா?

நிறுத்தத்தான் வேண்டும் என்பது என் கருத்து. வெளியேறும் வழியைப் பணியாளர் அறிவார், பயணி அறியார். அந்த நம்பிக்கையில்தான் பயணி கண்ணயர்கிறார். திருத்தூதர் பவுல் சென்ற கப்பலில், நங்கூரம் இறக்குவதுபோல் நடித்து மாலுமிகள் படகிலேறித் தப்ப முயன்றனர். கைதியாயிருந்த பவுல், அவர்கள் போனால் மற்றவர் பிழைப்பதற்கில்லை என்று நூற்றுவர் தலைவரை எச்சரித்தார். படைவீரர் படகின் கயிற்றை அறுத்துவிட்டனர். 276 பேரும் கரைசேர்ந்தனர். கூலிக்கு மேய்ப்பவரிடம் இயேசு கண்ட குறையும் அவர் வாங்கும் கூலியன்று. ஆடுகளைப்பற்றி அவருக்குக் கவலையில்லை என்பதே.

ஆனால் இக்கடமையைக் காட்டி எதையும் கேட்டுவிட முடியாது. 2020 பிப்ரவரியில், கொரோனா பரவியதால் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் 3,711 பேருடன் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்டது. பயணிகள் தத்தம் அறைகளில் இருத்தப்பட்டனர். பணியாளரோ பகிர்ந்து உறங்கி, பொதுக்கூடத்தில் உண்டு, அறை அறையாக உணவு சுமந்தனர். அக்கப்பலில் இந்தியப் பணியாளர் மட்டும் 132 பேர், தமிழரும் இருந்தனர். தலைவர் ஜென்னாரோ ஆர்மா மார்ச் 1 அன்று எல்லாருக்கும் கடைசியாக இறங்கினார், போற்றத்தக்கதே. என்றாலும், உண்டவருக்குக் கிடைத்த காப்பு, உணவைக் கொண்டு வந்தவருக்கு ஏன் கிடைக்கவில்லை? நிற்க வேண்டியவர் அவர் என்றால், அவரை வீணாக ஆபத்தில் நிறுத்தாதிருக்க வேண்டியவர் வேலை கொடுத்தவர். அக்கடன் பயணத்தின் முடிவில் கொடுக்கும் அன்பளிப்புப் பணத்தில் தீராது.

2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்கிறது அது. கப்பல் வேலைக்கு மகனை அனுப்பும் பெற்றோர் சம்பளத்தை விசாரிப்பதோடு, ஓய்வு எத்தனை மணி, நோயுற்றால் தனியறை உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்கட்டும்.