இராக்காவல்

உறங்கும் மனிதன் தன் சரீரத்தைக் காக்கும் பொறுப்பைச் சில மணி நேரம் இறக்கிவைத்துவிட்டு இளைப்பாறுகிறான் என்று நாம் பொதுவாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தக் காவல் ஒரு கணமும் இறக்கிவைக்கப்படுவதில்லை, யாரோ ஒருவரிடமோ ஏதோ ஒன்றிடமோ கைமாறிப் போகிறது என்பதை, இரண்டு மணிக்கட்டுகளிலும் ஸ்பிளிண்ட் கட்டிக்கொண்டு, மூக்கின்மேல் சுவாசக் கருவியின் முகமூடியையும் அணிந்துகொண்டு படுக்க நேர்ந்த பிறகுதான் நான் நின்று யோசித்தேன். யாரிடம் கைமாறுகிறது, எந்தச் சம்மதத்தின்பேரில் என்பதே அந்நாள்முதல் என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் கேள்வி.

பெரிய காஞ்சிபுரத்தில், கைலாசநாதர் கோயிலுக்குப் போகும் திசையில், பிள்ளையார்பாளையத்துத் தறிவீடொன்றில் பிறந்து, குழித்தறியில் கால் எட்டிய வயதுமுதல் நாடாவை மகன் கையில் கொடுத்துவிட்டு எழுந்த நாள்வரை பட்டு நெய்தே வாழ்ந்தவன் நான். என் கைகளுக்கு வந்த உபத்திரவம் பகலில் வரவில்லை. நடுநிசியில் கட்டைவிரலும், ஆள்காட்டி விரலும், நடுவிரலும், மோதிரவிரலில் ஒரு பாதியும் மரத்து, விறுவிறுத்து, எரிந்து என்னை எழுப்பும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சற்று அடங்கும். அப்படி உதறத் தோன்றுவதே இந்நோயின் அடையாளங்களில் ஒன்று என்று பின்னர் மருத்துவர் சொன்னார். மணிக்கட்டில், கீழே எலும்புகளும் மேலே ஒரு தடித்த தசைநாரும் சூழ்ந்த குறுகலான வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு ஒரு நரம்பும் அதன் வழியேதான் உள்ளங்கைக்குள் நுழைகின்றன. நித்திரையில் நாம் அறியாமலே மணிக்கட்டை மடக்கித் தலையின்கீழ் வைத்துக்கொள்ளும்போது அவ்வழியில் அழுத்தம் ஏறுகிறது, நரம்பு நசுங்குகிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் 1854-ஆம் ஆண்டிலேயே இவ்விதம் நரம்பு நசுங்கியதைப் பற்றி எழுதியிருந்தும், 1950-களில் அமெரிக்காவின் கிளீவ்லாண்டிலிருந்து ஜார்ஜ் ஃபேலன் என்பவர் விடாமல் எழுதிய பிறகே மருத்துவர்கள் இதைப் பரவலாக அடையாளம் காணத் தொடங்கினார்கள். மணிக்கட்டை மடங்கவிடாமல் இரவெல்லாம் நேராக நிறுத்திவைப்பதே முதற்சிகிச்சை. உள்ளே தகடும் வெளியே வெல்க்ரோ பட்டைகளும் கொண்ட ஸ்பிளிண்ட் அதற்காகவே ஏற்பட்டது. என் நோய் தறியினால்தான் வந்தது என்று எந்த மருத்துவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. சர்க்கரை வியாதியும், தைராய்டு குறைவும், உடற்பருமனும்கூட இதற்கு வழிகோலும் என்பதால், நானும் தறியின்மேல் பழி போட விரும்பவில்லை.

மற்றது சுவாசத்தைப் பற்றியது. குறட்டை எங்கள் வீட்டுக்குப் புதிதன்று; நாள் முழுதும் நெய்துவிட்டுத் தறிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்த என் தகப்பனாரின் குறட்டையை, உழைத்தவனுக்கு வாய்த்த அயர்ந்த நித்திரை என்றே நாங்கள் எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தோம். தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்ள, பத்து வினாடியோ அதற்கு மேலுமோ சுவாசம் நின்று, இரத்தத்தில் பிராணவாயு குறைந்து, மூளை திடுக்கிட்டு உடலை உலுக்கி எழுப்ப, ஒரு பெருமூச்சுக்குப் பின் மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு என்று இரவு முழுதும் நடக்கிற போராட்டம் அந்த ஓசைக்குள் மறைந்திருக்கக்கூடும் என்று அன்று எங்களுக்கு யார் சொல்வார்? மணிக்கு முப்பது முறையோ அதற்கு மேலுமோ இது நிகழ்ந்தால் நோய் கடுமையானது என்று மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். என் பரிசோதனை முடிவு அந்த வகுப்பில்தான் விழுந்தது. ஒரு காலத்தில் இவ்வளவு கடுமையான நோய்க்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதே நிச்சயமான சிகிச்சையாக இருந்தது. ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவன், மூக்கின் வழியே இடைவிடாமல் மெல்லிய அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினால் மூச்சுவழி மூடாமல் திறந்தே நிற்கும் என்று கண்டு, ஐந்து நோயாளிகளிடம் பெற்ற பலனை 1981-இல் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்டார். ஆரம்ப காலத்தில் ஒவ்வொருவர் மூக்குக்கும் தனித்தனியே அச்செடுத்து முகமூடி செய்து, இரவுதோறும் அதைப் பசையால் ஒட்டிக்கொண்டு, வாக்குவம் கிளீனர் மோட்டாரால் இயங்கிய கருவியின் இரைச்சலோடு படுத்திருக்கிறார்கள். அவர்களை நினைக்கும்போது, இன்று என் தலைமாட்டில் ஏறக்குறைய ஓசையின்றி இயங்கும் சி-பாப் கருவியைப் பற்றி முறையிட நா எழுவதில்லை.

ஆயினும் இவ்விரண்டு சிகிச்சைகளும் ஒரே கட்டிலில் சந்தித்தபோது நேர்ந்த சங்கடத்தைச் சொல்லியே ஆகவேண்டும். கையைப் பார்த்தவர் கைக்கு உரியதைக் கொடுத்தார். மூச்சைப் பார்த்தவர் மூச்சுக்கு உரியதைக் கொடுத்தார். இருவரும் நல்லவர்கள், இருவர் சொன்னதும் சரி. ஆனால் முகமூடியின் கொக்கி காதுக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அதைப் பூட்டவும் அவிழ்க்கவும் விரல்நுனியின் ஸ்பரிசம் ஒன்றே துணை. என் விரல்களோ ஸ்பிளிண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தும், அந்த ஸ்பரிசத்தைத்தான் முதலில் இழந்திருந்தன. ஸ்பிளிண்டின் பட்டையைப் பல்லால் இழுத்து இறுக்கலாம் என்றால் முகமூடி தடுக்கிறது. ஸ்பிளிண்டை முதலில் கட்டிக்கொண்டால் முகமூடியை அணிய முடிவதில்லை. வெல்க்ரோவின் முட்கள் கருவிக் குழாயின் துணியுறையைக் கவ்விக்கொள்ள, புரண்டு படுத்த வேகத்தில் முகமூடி விலகி, காற்று கண்ணில் சீறும். நள்ளிரவில் குமட்டினால், அல்லது மின்சாரம் நின்று கருவி ஓய்ந்துவிட்டால், இதை நானே கழற்ற முடியுமா என்ற பயம், நோயைவிட அதிகமாக என் நித்திரையைக் கெடுத்தது.

கையைப் பற்றிய விசாரத்தில் எங்கள் வட்டாரத்துக்குத் தனியான சரித்திரம் ஒன்று உண்டு. அதை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். கொல்லிமலையில் பிறந்து லண்டனில் வைத்தியம் கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் அங்கே பணியாற்றிய டாக்டர் காக்ரேனோடு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தபோது, விரல்கள் மடங்கிப்போன ஒருவரின் கையைப் பற்றினார். அந்தக் கை இவர் கையை வலிக்க வலிக்க இறுக்கியது. இவ்வளவு பலம் எஞ்சியிருக்கிற கையை உபயோகமற்றது என்று எப்படிக் கைவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு உதித்தது. அதன் பிறகு வேலூரில் நடந்த அறுவை சிகிச்சைகளும், பயிற்சிகளும், ஸ்பிளிண்டுகளும், முடங்கிய விரல்களை மறுபடியும் நிமிர்த்தின. தொழுநோய் விரலைத் தின்றுவிடுகிறது என்று தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் நம்பியிருந்ததை மறுத்து, உணர்ச்சியற்ற கை தன்னைக் காத்துக்கொள்ள அறியாததால்தான் காயப்பட்டுத் தேய்கிறது என்று காட்டியவரும் அவரே.

அவர் வாழ்க்கையில் என் மனத்தைவிட்டு நீங்காத சம்பவம் ஒன்று உண்டு. மாலையில் முழுதாக இருந்த விரல் காலையில் குறைந்திருக்கும் அதிசயம் சில நோயாளிகளுக்கு நேர்ந்தது. காரணம் தெரியாமல் இரவில் விழித்திருந்து பார்த்தபோது, உறங்குகிறவனின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. வலி இல்லாததால் அவன் விழிக்கவில்லை. அதன்பிறகு வீட்டுக்குத் திரும்பிய நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள். வைத்திய சாஸ்திரத்தின் நுட்பங்களெல்லாம் கைவரப்பெற்ற ஒரு மருத்துவர், தம் நோயாளி இரவில் எங்கே படுப்பான், அவன் பக்கத்தில் யார் இருப்பார் என்பது வரையில் சிந்தனையைச் செலுத்தி, மருந்துச் சீட்டில் எழுத முடியாத ஒரு காவலை ஏற்பாடு செய்தார் என்பதைவிட உயர்ந்த வைத்தியத்தை நான் கேட்டதில்லை. நள்ளிரவில் என்னை எழுப்பிய கைவலியைக்கூட அதன்பின் நான் வெறுக்கவில்லை. அதுவும், மூச்சு நின்றபோதெல்லாம் என்னை உலுக்கிய மூளையும், இத்தனை ஆண்டுகளாக எனக்காகக் கண் விழித்திருந்த காவலர்கள். அவர்களை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு ஸ்பிளிண்டையும் கருவியையும் அந்த இடத்தில் நிறுத்தும்போது, புதிய காவலர்களுக்குத் தெரியாதவை எவை என்று நான் விசாரிக்க வேண்டியிருந்தது.

அந்த விசாரணையில் கிடைத்த கிரமத்தைச் சொல்கிறேன். என்போல் அவதிப்படுகிறவருக்கு உதவலாம். முகமூடியின் பட்டைகளைப் பகல் வெளிச்சத்திலேயே அளவாக இறுக்கிவைத்துவிட்டால், இரவில் கொக்கியைத் தொடாமலே தலைவழியாக மாட்டிக்கொள்ளலாம். காந்தக் கொக்கி உள்ளவை இன்னும் சுலபம். ஆனால் தமக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ இதயத்தில் பேஸ்மேக்கர் முதலான கருவி பொருத்தியிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் அதை நாடக்கூடாது. முகமூடியை மாட்டிய பின்பே ஸ்பிளிண்டுகள். அவற்றிலும் அதிகம் மரத்த வலக்கைக்கு முதலில், இடக்கை சுதந்தரமாக இருக்கும்போதே. பட்டைகளின் மேல் பழைய வேட்டித் துணியில் தைத்த உறையை இழுத்துவிட்டால் வெல்க்ரோ எதையும் கவ்வுவதில்லை. கருவியின் குழாயைத் தலைக்குமேல் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, முகமூடியோடு அதைக் கடைசியில்தான் இணைக்கவேண்டும். அந்த இணைப்பு பருமனாக இருப்பதால் மரத்த விரல்களுக்கும் பிடிபடுகிறது. இரவில் எழ நேர்ந்தால் அது ஒன்றை மட்டும் பிரித்தால் போதும், மற்றவை அப்படியே இருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பாவின் முனையில் மிஞ்சும் பட்டு நூலைத் திரித்து என் மனைவி பின்னிய வளையம் ஒன்று முகமூடியின் பட்டையில் கோத்திருக்கிறது; பெருவிரலை அதில் நுழைத்து மேல்நோக்கி இழுத்தால் முகமூடி முழுதும் தலையைவிட்டு வந்துவிடும். அந்த வளையம் வந்த பிறகு அதை இழுக்கும் அவசியமே எனக்கு நேரவில்லை. அவிழ்க்க முடியும் என்ற நிச்சயம் உண்டாகிவிட்டால் கட்டு அவ்வளவாகக் கனப்பதில்லை போலும்.

எல்லாம் சொன்ன பிறகும், இடக்கை ஸ்பிளிண்டின் கடைசிப் பட்டையை நானாக இறுக்க முடிவதில்லை. "கையக் குடுங்க" என்று சொல்லி, என் மனைவிதான் இரவுதோறும் இழுத்துக் கட்டுகிறாள். முதலில் எனக்கு அது கூச்சமாக இருந்தது. உழைத்துச் சாப்பிட்டவனுக்குப் பராதீனம் கசப்பாக இருப்பது இயல்பே. ஆனால் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை நெய்தவனுக்கு அந்தக் கசப்பு நிலைக்க நியாயமில்லை என்று பிறகு எனக்கே தோன்றியது. உடலுக்கு ஒரு நிறமும் இரு கரைகளுக்கும் வேறொரு நிறமும் கொண்ட சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவை விட இன்னொருவர் கூட உட்கார்ந்தே தீரவேண்டும். எங்கள் வீட்டில் பல வருஷங்கள் அந்த இடத்தில் உட்கார்ந்தவள் அவளே. அந்தச் சேலைகளை யாரும் குறையுள்ளவை என்று சொன்னதில்லை. பகலில் என் கைக்கு எட்டாத கரையைப் பிடித்தவள், இரவில் என் கைக்கு எட்டாத பட்டையைப் பிடிக்கிறாள் என்பதில் நான் நாண வேண்டியது என்ன?

சின்ன காஞ்சிபுரத்தில், திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளைச் சொன்னவண்ணம் செய்தவர் என்று அழைக்கிறோம். சீடன் கணிகண்ணனை அரசன் நாடு கடத்தியபோது, அவனோடு புறப்பட்ட திருமழிசையாழ்வார், பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு நீயும் வா என்று சொல்லப் பெருமாள் எழுந்து போனார் என்றும், அரசன் மனம் மாறி அழைத்தபின், மீண்டும் விரித்துப் படுத்துக்கொள் என்று சொல்ல வந்து படுத்தார் என்றும் ஐதிகம். சிறுவயதில் கேட்டபோது பக்தனின் பெருமையைச் சொல்லும் கதையாகவே அதை எடுத்துக்கொண்டேன். இப்போதோ, படுப்பதற்கும் எழுவதற்கும் அன்புடைய ஒருவரின் சொல்லுக்கு இசைந்து நடப்பது தெய்வத்துக்கே தாழ்வாகப்படவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

ஆனால் இந்த ஆறுதல் எல்லோருக்கும் வாய்க்காது என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே, கணவரை இழந்து, பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட, தனியே வசிக்கும் மூதாட்டி ஒருவருக்கும் கை மரத்துப்போகிறது. மூச்சுத் திணறலும் இருக்கிறது. என் மனைவி பின்னிய வளையம்போல் ஒன்றை அவருக்கும் பின்னிக் கொடுக்கலாம். கடைசிப் பட்டையை இறுக்க இரவு பத்து மணிக்கு யார் போவது? இரண்டு கைக்கும் ஒரே இரவில் கட்டாமல், அதிகம் நோகும் கைக்கு மட்டும் கட்டினால் போதுமா, மணிக்கட்டின் தசைநாரை அறுத்து நரம்பை விடுவிக்கும் சிறு அறுவை சிகிச்சையை அவருக்கு முன்னதாகவே செய்துவிடலாமா என்பதெல்லாம் மருத்துவர் தீர்மானிக்க வேண்டியவை. ஆனால் அவர் எப்படிப் படுக்கிறார், எழுந்தால் யாரைக் கூப்பிடுவார் என்று கேட்காமல் அவற்றைத் தீர்மானிக்க முடியாது. அடுத்த முறை அவர் மருத்துவமனைக்குப் போகும்போது நானும் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். கையைப் பார்ப்பவரிடம் மூச்சுக் கருவியைப் பற்றியும், மூச்சைப் பார்ப்பவரிடம் கையைப் பற்றியும் சொல்ல அங்கே ஒருவர் வேண்டும்.