கழுத்தின் திசைகள்

1

காலை ஐந்தரை மணி. குளியலறைக் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைக்கிறேன். கன்னம், தாடை, அதற்குக் கீழே கழுத்து. பார்வைக்கு எல்லாம் ஒரே முகத்தின் தொடர்ச்சிதான். இருபது ஆண்டுகள் நானும் அப்படியே நினைத்திருந்தேன்.

கன்னத்துக்குப் பின்னால் எலும்பு இருக்கிறது, பல்வரிசை இருக்கிறது. பிளேடு ஓட உறுதியான தளம் கிடைக்கிறது. கழுத்துக்கு அந்த ஆதாரம் இல்லை. தளர்ந்த மெல்லிய தோல், அதற்கடியில் தாள்போல விரிந்த ஒரு தசை, விழுங்கும்போதெல்லாம் ஏறி இறங்கும் குரல்வளை. இவ்வளவுதான். கன்னத்துக்குச் செய்ததையே நான் கழுத்துக்கும் செய்தேன். காலையில் வழவழவென்று இருக்கும். பத்து மணிக்குச் சட்டைக் காலர் உரசும் இடமெல்லாம் எரியும். மாலையில் சிவப்புப் புள்ளிகள் தடித்து நிற்கும். சித்திரை வெயிலில் வியர்வை அதன்மேல் இறங்கும்போது கழுத்தைத் திருப்பவே மனம் வராது.

பிளேடை மாற்றிப் பார்த்தேன். சோப்பை மாற்றிப் பார்த்தேன். மாற வேண்டியிருந்தது என் கை.

2

வழி காட்டியவர் எங்கள் ஊரில் சலூன் வைத்திருந்த ஒரு பெரியவர். முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த அன்று என் கழுத்தைப் பார்த்தவர், “ரெண்டு நாள் சவரம் பண்ணாம விட்டுட்டு வாங்க தம்பி” என்றார்.

மூன்றாம் நாள் போனேன். அவர் கத்தியை எடுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்லி, கட்டைவிரலால் என் கழுத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை தடவினார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். “எந்தப் பக்கம் போனா வழுக்குது, எந்தப் பக்கம் போனா சொரசொரன்னு தடுக்குது, நீங்களே பாருங்க.”

வழுக்கும் பக்கம்தான் முடி படுத்திருக்கும் பக்கம். சொரசொரக்கும் பக்கம் அதற்கு எதிர். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிகிறது.

என் கழுத்தின் வலப்பக்கத்தில் முடி கீழ்நோக்கி வளர்கிறது. இடது தாடைக்கு அடியில் காதை நோக்கிப் பக்கவாட்டில் போகிறது. தொண்டைக்குழிக்கு மேலே நாலு விரற்கடை அளவுக்கு மேல்நோக்கி ஏறுகிறது. குரல்வளைக்கு இடப்புறம், உச்சந்தலைச் சுழி மாதிரி, சின்னதாக ஒரு சுழி. கழுத்து முழுவதையும் நான் மேலிருந்து கீழாகவே மழித்து வந்தவன். முடி வாட்டத்திலேயே மழிக்கிறோம் என்ற நம்பிக்கையோடு, பாதிக் கழுத்தை இருபது ஆண்டுகளாக எதிர்த்து மழித்திருக்கிறேன்.

அன்றிரவு கண்ணாடியைப் பார்த்தபடியே ஒரு கழுத்தை வரைந்து அம்புக்குறி போட்டேன். கண்ணாடியில் இடம் இடமாகவும் வலம் வலமாகவும் தெரிவதால் காலையில் குழப்பம் வரவில்லை. அந்தத் தாள் ஒரு வாரம் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. பிறகு தேவைப்படவில்லை. ஒவ்வொருவர் கழுத்துக்கும் ஒரு தனிப் படம் உண்டு. எனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். தன் படத்தைப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

3

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உலர்ந்திருக்கும்போது விறைப்பாக நிற்கும். தண்ணீர் குடித்தால் சற்றே பருத்து இளகும். அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். முகத்தில் தண்ணீரை அறைந்துகொண்டு உடனே பிளேடை வைத்தால் காய்ந்த முடியைத்தான் வெட்டுகிறோம். குளித்து முடித்து, துண்டால் கழுத்தைத் துடைக்காமல் அப்படியே வந்து நிற்பது என் வழக்கம்.

முடி எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு மழுங்குவது ஏன் என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ந்தார்கள். 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் அது வெளிவந்தது. முடி நேராக நிற்காமல் வளைந்து கொடுக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது. இதைப் படித்த பிறகு பிளேடை மாற்றுவதில் நான் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. என் தாடிக்கு ஒரு பிளேடு ஐந்து சவரம் தாங்கும். ஆறாவது சவரத்தில் முடி வெட்டுப்படாமல் இழுபடுவதைக் கழுத்துதான் முதலில் சொல்லும்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படியும் தண்ணீர் அது. கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் பிரிந்துவிடுவதால் நுரை நிற்காது. நிற்காத நுரை வழுக்காது. ஒரு நாள் குடிதண்ணீர் கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துவந்து பிரஷை நனைத்தேன். அதே சோப்பு தயிர் மாதிரி கெட்டியாக எழுந்தது. எரிச்சலில் ஒரு பங்கு தண்ணீருடையது என்று அன்று தெரிந்தது. கடினநீர் உள்ள ஊர்க்காரர்கள் வேறு எதையும் மாற்றுவதற்கு முன் இந்த ஒரு டம்ளரை மாற்றிப் பார்க்கலாம்.

4

ரேசரைக் கையில் எடுக்கிறேன். மூன்று துண்டுகள்: கைப்பிடி, அடித்தட்டு, மூடி. நடுவே பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பிளேடு. மூடியை இறுக்கும்போது அந்தத் தகடு மெல்ல வளைந்து விறைக்கிறது.

கிங் கேம்ப் ஜில்லெட் இந்தக் கருவிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற நாள் 1904 நவம்பர் 15. விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் மொத்தமே 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான் போயின. இவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினமாக்கித் தீட்டும் வழியைக் கண்டவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். அதுவரை வீட்டில் சவரம் என்றால் பெரும்பாலும் மடக்குக் கத்தியும் தோல்வாரில் அதைத் தீட்டும் வேலையும்தான்.

இந்த ரேசர் தரும் பாதுகாப்பு எது என்று யோசித்திருக்கிறேன். விளிம்பில் மயிரிழை அளவை மட்டும் வெளியே விட்டு, மீதியை அது மறைத்துக்கொள்கிறது. ஆழமாக இறங்க முடியாது. எவ்வளவு அழுத்துவது, எந்தச் சாய்வில் பிடிப்பது என்ற இரண்டையும் அது நம்மிடமே விட்டிருக்கிறது.

சாய்வு கிட்டத்தட்ட முப்பது டிகிரி. அளந்து பார்க்க வேண்டாம். மூடியின் உச்சி தோலில் படும்படி கைப்பிடியை நேராக வெளியே நீட்டிப் பிடித்து, மெதுவாகக் கீழே தாழ்த்தினால், ஓர் இடத்தில் ‘சரக்’ என்று முதல் முடி அறுபடும். அதுதான் சாய்வு. அந்தச் சத்தத்துக்காக நான் குழாயை மூடி வைக்கிறேன். மின்விசிறிச் சத்தம்கூட இல்லாத அந்த அறையில், நன்றாக ஊறிய முடி அறுபடும் ஒலி அரிசியைத் தாம்பாளத்தில் மெல்லத் தேய்ப்பதுபோல் கேட்கும். ஒலி நின்றால் சாய்வு மாறிவிட்டது என்று பொருள்.

அழுத்தம் வேண்டவே வேண்டாம். கைப்பிடியின் அடி நுனியை மூன்று விரலால் மட்டும் பிடிக்கிறேன். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தால் தோளின் பலம் முழுவதும் கழுத்துக்கு வந்துவிடும். நுனியில் பிடித்தால் ரேசரின் எடை மட்டும் வரும். அந்த எடையே போதும்.

5

முதல் சுற்று, படத்தில் அம்பு காட்டும் பக்கம். வலக் கழுத்தில் கீழே, இடத் தாடைக்கடியில் காதுப் பக்கம், தொண்டைக்குழியிலிருந்து மேலே. ஒவ்வோர் இழுப்பும் இரண்டு விரற்கடை நீளம். அதற்குமேல் போனால் கழுத்தின் வளைவில் சாய்வு தவறிவிடும். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை ரேசரைத் தண்ணீரில் அலசுகிறேன்.

குரல்வளை மேல் நேராக ரேசரை வைப்பதில்லை. எச்சிலை விழுங்கினால் அது மேலே ஏறும். அப்படியும் சரிப்படாவிட்டால், இரண்டு விரலால் தோலை ஓரமாக நகர்த்தி, மேடு விலகிய தட்டையில் மழித்துவிட்டுத் தோலை மறுபடி அதன் இடத்தில் விடுகிறேன். நகர்த்துவதோடு சரி. இறுக்கி இழுப்பதில்லை. அதன் காரணத்தை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.

இரண்டாம் சுற்றுக்கு முன் மறுபடி நுரை. இது கண்டிப்பு. நுரை போன இடத்தில் “இங்கே ஒரு முடி விட்டுப்போச்சே” என்று வெறும் பிளேடை ஓட்டுகிற அந்த ஒரு கணத்தில்தான் என் கழுத்துச் சிவப்பெல்லாம் பிறந்தது. இரண்டாம் சுற்று, முடி வாட்டத்துக்குக் குறுக்காக.

கன்னத்துக்கு மூன்றாவதாக எதிர்ச்சுற்று உண்டு. கழுத்துக்கு இல்லை. அங்கே கையைக் கீழே போட்டுவிடுகிறேன்.

6

எதிர்த்து மழித்தால் இன்னும் வழவழப்பு வரும். உண்மைதான். அந்த வழவழப்பின் விலை தோலுக்கு உள்ளே இருக்கிறது.

தோலை இறுக்கி இழுத்து எதிர்த்து மழிக்கும்போது முடி வேரிலிருந்து சற்று வெளியே எழுகிறது. வெட்டிய பிறகு தோலை விட்டால், நறுக்கிய நுனி தோல்மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. சுருண்ட முடியாக இருந்தால், வளரும்போது மயிர்க்குழியின் வாய் வழியே வெளியே வராமல் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. அல்லது வெளியே வந்து வளைந்து, பக்கத்துத் தோலுக்குள் மறுபடி நுழைகிறது. உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கிறது. நாம் ‘சவரப் பரு’ என்று கிள்ளிப் பார்க்கிற கொப்புளங்களில் பல இப்படி உள்ளே மடங்கிய முடிகள்தான். கிள்ளினால் கறுப்புத் தழும்பு நிற்கும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் சுருள்முடிக்காரர்களிடமும் இது அதிகம். பல பிளேடுகள் அடுக்கிய கார்ட்ரிட்ஜ் ரேசரைவிட ஒற்றைப் பிளேடு ரேசர் இவர்களுக்கு ஒத்துவருவதற்கும் காரணம் இதுதான்: அது தோல்மட்டத்தோடு நின்றுவிடுகிறது. கொப்புளம் நிறைய இருந்தால் சில வாரம் சவரத்தையே நிறுத்துவதுதான் முதல் மருந்து. அதற்கும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தாடி முடி ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வளர்கிறது. எதிர்ச்சுற்று தரும் கூடுதல் வழவழப்பு சில மணி நேரத்தில் கரைந்துவிடும். அதற்காக மூன்று நாள் எரிச்சலை வாங்கிக்கொண்டிருந்தேன். கணக்கு தெளிவானதும் ஆசை தானாக விலகியது. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சவரம். நடுவில் வரும் நாள் கழுத்துக்கு ஓய்வு. தடவினால் சொரசொரப்பு லேசாகத் தெரியும், அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

முழுமையாக வழிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்ட நாளில்தான் என் கழுத்து ஆறத் தொடங்கியது.

7

குளிர்ந்த தண்ணீரில் கழுத்தை அலசுகிறேன். பிறகு படிகாரம். சலூனில் பெரியவர் வைத்திருந்தது போலவே ஒரு கட்டி, கண்ணாடிக் கல் மாதிரி, ஓரங்கள் தேய்ந்து உருண்டு. நனைத்துக் கழுத்தில் மெல்லத் தடவுகிறேன். தோலைச் சுருக்கி, சின்னக் கீறல்களில் இரத்தம் கசிவதை அது நிறுத்துகிறது.

எனக்கு அது அதைவிடப் பெரிய வேலையைச் செய்கிறது. எங்கே கை அழுத்தியதோ அங்கே படிகாரம் சுரீர் என்கிறது. அழுத்தாத இடத்தில் வெறும் குளிர்ச்சி. முதல் மாதம் இடத் தாடைக்கடியில் தினமும் சுரீரென்றது. பக்கவாட்டில் போகும் முடியை அங்கே இன்னும் கீழ்நோக்கியே இழுத்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டைத் திருப்பக் கற்றுக்கொண்டதும் அந்த இடமும் அமைதியானது. அன்றன்றைக்குக் கை செய்த வேலையை அன்றன்றைக்கே சொல்லிவிடும் ஆசிரியர் படிகாரம்.

ஒரு நிமிடம் விட்டுக் கழுவிவிடுகிறேன். துண்டால் தேய்ப்பதில்லை, ஒற்றி எடுப்பதோடு சரி. ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாசனை சேராத ஏதாவது ஒரு களிம்பு, ஒரு பட்டாணி அளவு.

8

கடைசிக் குறிப்பு, ஐந்து சவரம் முடித்த பிளேடைப் பற்றி.

அமெரிக்காவின் பழைய வீடுகளில் குளியலறை அலமாரியின் பின்பக்கம் ஒரு சின்னப் பிளவு இருக்கும். பழைய பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழுந்துவிடும். அந்தச் சுவர்களை இடிக்கும்போது துருப்பிடித்த பிளேடுகள் குவியலாக வந்து விழுகின்றன. நம் வீட்டுச் சுவரில் அந்த வசதி இல்லை. ஒரு தகர டப்பாவின் மூடியில் மெல்லிய கீறல் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். என் கணக்கில் ஆண்டுக்கு முப்பத்தேழு பிளேடு. டப்பா நிறைய வருடக்கணக்காகும். நிறைந்ததும் கீறலை அடைத்து, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நம் கழுத்துக்காக இவ்வளவு மெதுவாகப் பழகிய கை, பிளேடைத் தூக்கிப்போடும் நேரத்தில் அவசரப்படக் கூடாது. தயவுசெய்து பழைய பிளேடை வெறுமனே குப்பைக் கவரில் போடாதீர்கள். அந்தக் கவரைக் கையால் பிரிப்பவர் ஒருவர் இருக்கிறார்.