களைப்பை வினவிய ஆழ்வார்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சென்னையின் மேற்கெல்லையில் பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகளின் திருவவதார ஸ்தலம். அதற்கு மேற்கே சிறிது தொலைவிலுள்ள திருமழிசை, பக்திஸாரர் என்னும் திருமழிசையாழ்வார் அவதரித்த ஊர். அருகருகே அமைந்த இவ்விரு ஊர்ப் பெரியோர்களும், நம் கோஷ்டிகளில் பேசப்படாமலே கிடக்கும் ஒரு துயரத்துக்கு வழிகாட்டியிருக்கிறார்கள்.

அத்துயரம் நாட்பட்ட சோர்வு நோய். 6 மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் களைப்பு, உறங்கி எழுந்தாலும் தீராது, சிந்தையும் மங்கும். சிறிது உழைத்தாலும் அதன் விளைவு பெரும்பாலும் உடனே தெரியாமல், ஓரிரு நாள் கழித்து ஆளைப் படுக்கையில் வீழ்த்திவிடும். இதனை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை ஏதும் இல்லை. ஆயினும் இது மனக்கற்பனையன்று, உடல் முழுவதையும் பற்றும் கடிய நோய் என்று 2015-ல் அமெரிக்க மருத்துவ வல்லுநர் குழு அறிக்கையிட்டது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை இந்நோயாளிகளுக்கு அளிக்கலாகாதென்று 2021-ல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் விலக்கியது.

நம்மிடையே நிகழ்வதென்ன? மார்கழி விடியலில் திருப்பாவை கோஷ்டிக்கு வாராதவரைப் பற்றி, "சென்ற வாரம் உத்ஸவத்தில் நன்றாகத்தானே நின்றார்?" என்கிறோம். சென்ற வாரம் நின்றதே இந்த வாரம் கிடப்பதற்குக் காரணம் என்பதை அறிகிலோம். கைங்கர்யத்தில் ருசி குறைந்தது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். காணப்படும் உடலைக்கொண்டு காணப்படாத நெஞ்சை அளப்பது தகுமோ?

திருமழிசையாழ்வார் திருக்குடந்தைக்கு எழுந்தருளியபோது ஆராவமுதன் சயனித்திருந்தான். அவன் ஸர்வசக்தன், அவனுக்குக் களைப்பில்லை என்பதை ஆழ்வாரைவிட நன்கறிந்தவர் யார்? ஆயினும் திருச்சந்தவிருத்தத்தின் 61-ஆம் பாசுரத்தில், உலகளந்து நடந்த திருவடிகள் நோகின்றனவோ, வராஹமாகிப் பூமியை இடந்தெடுத்த திருமேனி தளர்ந்ததோ என்று வினவுகிறார். எழுந்து பேசவேண்டும் என்றும் வேண்டுகிறார். எம்பெருமான் எழ முற்பட, ஆழ்வார் நெஞ்சுருகி மங்களாசாஸனம் செய்தார். அவன் பாதி எழுந்த கோலத்திலேயே உத்தானசாயியாய் இன்றும் ஸேவை ஸாதிக்கிறான் என்பது நம் பெரியோர்கள் கூறும் ஐதிஹ்யம்.

கிடப்பவனைக் கண்டவுடன் ஆழ்வார் திருவுள்ளத்தில் எழுந்தது சந்தேகமன்று, பரிவு. அவன் பட்ட சிரமங்களை எண்ணினார். எழுவது அரிதென்று தோன்றியவுடன் எழவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை விட்டார். களைப்பே இல்லாதவனிடத்தில் இத்தனை பரிவு கொண்ட மரபில் வந்த நாம், களைப்பால் துவளும் பாகவதரிடத்தில் ஒரு வினவலும் இன்றிக் குற்றம் சாற்றுவது என்ன நியாயம்? அது பாகவதாபசாரத்தில் முடியும் என்று அஞ்சவேண்டாமோ?

இனி, கிடப்பவரின் நெஞ்சில் எழும் கேள்வி வேறு. பிறர் சொல்வதே உண்மையோ, கைங்கர்யம் செய்யமாட்டாத நாம் சேஷபூதர்தாமோ என்று அவர் கலங்குகிறார். இதற்கு மருந்து திருக்கச்சி நம்பிகள் வழியாக வந்தது. எம்பெருமானாருக்காக அவர் பேரருளாளனிடம் கேட்டுப்பெற்ற ஆறு வார்த்தைகளில் ஒன்று, ப்ரபந்நனுக்கு அந்திம ஸ்ம்ருதி வேண்டுவதில்லை என்பது. கட்டைபோலவும் கல்போலவும் உடல் கிடக்கும் வேளையில் தன் பக்தனைத் தானே நினைப்பதாக வராஹப் பெருமான் அருளியதும் இதுவே. இறுதி மூச்சில் நினைக்கவில்லை என்பதையே குறையாகக் கொள்ளாதவன், ஒரு விடியலில் எழவில்லை என்பதைக் குறையாகக் கொள்வானோ? ப்ரபத்திக்கு வேண்டிய யோக்யதை ஆகிஞ்சந்யமே. கையில் ஒன்றுமில்லாமையே அங்கே கைம்முதல்.

கைங்கர்யம் ஆத்மாவுக்கு ஸ்வரூபமன்றோ எனின், ஆம். ஆனால் அது நம் ஆசையளவன்று, அவன் திருவுள்ளத்தளவு. திருவரங்கத்திலும் திருமலையிலும் நம்பிகள் ஆலவட்டம் வீச விரும்பினார். அவ்விடங்களின் குளிர்ச்சியைக் காட்டி எம்பெருமான் வேண்டாமென்றான். வேள்வித்தீயில் தோன்றிய வரதனோ அதனை உகந்தான் என்பர். வீசாமல் மீண்டதும் நம்பிகளுக்குக் கைங்கர்யமே ஆயிற்று. அவ்வாறே, எம்பெருமானின் உடைமையாகிய இவ்வுடலை அதன் அளவறிந்து ஓய்வில் வைத்துக் காப்பதும் கைங்கர்யமே. படுக்கையில் கிடந்தபடி ஒரு பாசுரத்தை நெஞ்சால் அநுஸந்திப்பதும் குறைந்ததன்று.

பழிப்பவர்மேல் கோபம் வருவது இயல்பு. தீங்கு செய்தவரிடத்துப் பொறுமையோடு கிருபையும் வேண்டும் என்பது பிள்ளை லோகாசார்யரின் உபதேசம். அதற்காக வாய்மூடி இருக்கவேண்டும் என்பதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லாதிருந்தால், அறியாமல் அபசாரப்படுபவரை அதிலேயே விட்டதாகும். "அடியேனுக்கு இன்ன நோய், இன்று இவ்வளவே இயலும்" என்று தாழ்ச்சியோடு தெரிவிப்பது கிருபையின் காரியமே.

கேட்பவர்க்கும் செய்யத்தக்கது உண்டு. கோஷ்டியில் ஒரு நாற்காலி இடலாம், வர இயலாதவர் திருமாளிகைக்குப் ப்ரஸாதம் சேர்ப்பிக்கலாம், மறுமுறை வரும்போது, "ஏன் வரவில்லை?" என்னாமல் "திருமேனி பாங்கா?" என்று வினவலாம். திருமழிசைப்பிரான் திருக்குடந்தையில் கேட்டதும் அவ்வளவே.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.